டிசம்பர் லீவும் ஃபோம் கவசமும்: தோட்டத்து ஊரில் காஸ்பிளே செய்கிறவர்கள் வேலையை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

#1 மூங்கில்வாள்

வணக்கம். ஊர் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் (பாம் ஆயில்) மில்லில் லேப் வேலை, வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். வேலை போக மற்ற நேரமெல்லாம் வாள், வில், டிராகன் என்றே போய்விடும். ஃபேன்டஸி கதை எது கிடைத்தாலும் படிப்பேன். காஸ்பிளே என்றால் இதுதான்: அந்த உலகத்து ஆட்களின் உடுப்பை நானே செய்து, டிசம்பரில் கோலாலம்பூர் (கேஎல்) கேஎல்சிசியில் நடக்கும் காமிக் ஃபியஸ்தா என்ற அனிமே, காமிக் விழாவுக்குப் போட்டுக்கொண்டு போவேன். இந்த வருஷம் செய்வது எந்தக் கதையிலும் இல்லாத என் சொந்தப் பாத்திரம். மலைக்காட்டைக் காவல் காக்கும் ஒருத்தி. தோள் கவசம் முழுக்கச் செம்பனை ஓலை வரிகள், படம் போட்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பருக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்கள். கல்யாணம் இல்லை, இன்ன நிகழ்ச்சி என்றேன். ஆபீஸே சிரித்தது. கடிதம் டிராயருக்குள் போனதோடு சரி. அதே வாரக் கடைசிக்கு ஜொகூரில் ஒன்றுவிட்ட தங்கைக்கு நிச்சயதார்த்தம் என்று இன்னொருவர் கேட்டார், மறுநாளே கையெழுத்தாகிவிட்டது. அவருக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. என் காரணம் மட்டும் எப்படிக் காரணமில்லாமல் போனது என்பதுதான் புரியவில்லை.

வீட்டில் அம்மாவுக்கு இது வயசுப் பெண் வேஷம் கட்டித் திரிவது. அண்ணி மட்டும்தான் என் பக்கம். அவரும், நான் நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்காமல் கவசத்துக்கு ஃபோம் ஷீட் வெட்ட உட்கார்ந்தால் கத்தியைப் பிடுங்கி வைத்துவிடுவார்.

தோட்டத்து ஊர்களில் இருக்கும் மற்றவர்கள் எப்படி ஓட்டுகிறீர்கள்? கேஎல் ஆட்களும் சொல்லலாம், ஆனால் "வேலையை மாற்று" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

#2 லயத்துப்பையன்

முதலில், காரணத்தை ஏன் சொன்னீர்கள்? "சொந்த வேலை" என்று இரண்டு சொல் எழுதிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டியதுதானே. வருட லீவு யாரும் போடுகிற பிச்சை இல்லை. வேலைச் சட்டத்தில் இருக்கிறது: இரண்டு வருஷத்துக்குள் என்றால் 8 நாள், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 12 நாள், ஐந்துக்கு மேல் 16 நாள். அந்த நாளில் நீங்கள் தூங்கினாலும் டிராகன் வேட்டைக்குப் போனாலும் அவர்களுக்கு என்ன லா?

நானும் உங்கள் பக்கத்து ஊர் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன்தான். இப்போது கேஎல்லில் கால் சென்டர்.

#3 கொதிகலன்

தம்பி சொல்வது பாதி சரி. எத்தனை நாள் என்பது சட்டம். எந்த நாள் என்பதில் முதலாளி தரப்புக்கும் பேச்சு உண்டு. நான் தெலுக் இந்தான் பக்கம் வேறொரு மில்லில் ஷிப்ட் பார்க்கிறவன், அந்த டிராயர் வைத்திருக்கிற ஆள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழம் லீவு போடாது. குலை வெட்டிய நேரத்திலிருந்து உள்ளே கொழுப்பு அமிலம் ஏற ஆரம்பித்துவிடும், 24 மணி நேரத்துக்குள் ஆவியில் அவிக்கும் ஸ்டெரிலைசருக்குள் போனால்தான் எண்ணெய் தரமாக இருக்கும். கச்சா எண்ணெயில் அந்தக் கொழுப்பு அமிலம் (எஃப்எஃப்ஏ) 5 சதவீதத்தைத் தாண்டினால் விலையில் கை வைப்பார்கள். அந்த எண்ணைப் பார்த்துச் சொல்வதே லேப் ஆள்தான். உச்ச விளைச்சல் பெரும்பாலும் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, டிசம்பரில் கொஞ்சம் இறங்கும். ஆனால் ஆண்டிறுதி மழையில் தோட்டத்துப் பாதை சேறாகி லாரி எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். பள்ளி விடுமுறை வேறு, பிள்ளை பெற்றவர்கள் அத்தனை பேரும் அந்த மாதத்தைத்தான் கேட்பார்கள். உங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதால் வரிசையில் கடைசிக்குத் தள்ளுவார்கள். அது நியாயமா என்று கேட்டால், இல்லை.

தங்கச்சிக்கு ஒரே யோசனை. லீவு கடிதத்தோடு மாற்று ஆளின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். எனக்கு வருகிற கடிதங்களில் காரணத்தை நான் பெரிதாகப் படிப்பதில்லை. "எனக்குப் பதில் இன்னார் வருகிறார், அவருக்கும் சம்மதம்" என்ற வரி இருந்தால் பேனாவை எடுத்துவிடுவேன்.

#4 பெரட்டுக்களம்

மகளே, நான் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். காஸ்பிளே என்பதைப் பேத்தி போனில் காட்டித்தான் தெரியும். ஆனால் நீங்கள் போட்டிருந்த தோள் கவசப் படத்தைப் பார்த்ததும் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. எங்கள் தோட்டத்தில் காமன் கூத்துக்கும் பொன்னர் சங்கர் கூத்துக்கும் கிரீடம், மார்புப் பதக்கம், தோளில் மாட்டும் புஜகீர்த்தி எல்லாம் லயத்து வாசலில் உட்கார்ந்துதான் செய்வார்கள். பால்மாவுப் பெட்டி அட்டையை வெட்டி, மேலே ஜிகினாத் தாள் சுற்றி, உடைந்த கண்ணாடியைச் சதுரம் சதுரமாக உரசிப் பதிப்பார்கள். ஒட்டுவதற்குக் கடையில் பசை வாங்கியதாக நினைவில்லை. வாளியில் மிஞ்சிய ரப்பர் பாலைத் தடவி, கொஞ்சம் காயவிட்டு அழுத்தினால் பிய்க்க முடியாது.

அதற்காக எவனையும் யாரும் கேலி செய்யவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். பால்வெட்டு விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால். பகலோடு பால் நிறுத்து, கணக்கு எழுதி முடித்தால் பிறகு தோட்டம் மொத்தமும் சும்மா இருக்கும். பந்து விளையாட்டு, நாடக ஒத்திகை, கோவில் கமிட்டிச் சண்டை எல்லாம் அந்த நேரத்தில்தான். எல்லாருக்கும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் ஒரே பெரட்டு, ஒரே சாயங்காலம். இப்போது எங்கள் தாமானையே (குடியிருப்பு) பாருங்கள். மகன் ஈப்போவில் ஃபேக்டரி நைட் ஷிப்ட், மருமகள் பேரங்காடியில் இரவு பத்து வரை, பக்கத்து வீட்டுக்காரர் லாரி. ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கிற நாலு பேரைப் பிடிப்பதே பாடு.

கூத்துக்கு அரை நாள் வேண்டுமென்றால் வேலை பார்வையிடும் மண்டோரும் கோவில் தலைவரும் பத்துப் பேருமாகப் போய்த் தோட்ட மேலாளர் துரை முன்னால் நிற்பார்கள். சிரிக்க முடியுமா? நீங்கள் தனி ஆளாக ஒரு காகிதத்தை நீட்டினீர்கள், அதனால் சிரித்தார்கள். வேஷம் காரணமே இல்லை.

பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் காசும் இல்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

#5 லயத்துப்பையன்

ஐயா, அருமை. ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தக் கூத்தில் ரதி வேஷமும் ஆம்பளைதான் கட்டினான். மூங்கில்வாள் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் ஜிகினாத் தாள் வெட்டிக் கொடுத்திருக்கலாம், மேடை ஏறியிருக்க முடியாது.

#6 பெரட்டுக்களம்

ஒத்துக்கொள்கிறேன். என் தங்கைக்கு அத்தனை பாட்டும் மனப்பாடம். பாய் விரித்து முன்வரிசையில் உட்கார்ந்ததோடு சரி.

#7 அல்லிராணி

எல்லாரும் காஸ்பிளே செய்கிறவர்கள் பக்கமிருந்தே பேசுகிறீர்கள். நான் வீட்டுக்காரி பக்கமிருந்து சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன். குடி இல்லை, சூது இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். பின்னறையில் ஒரு மந்திரவாதியின் அங்கி, ஒரு பிசாசு ராஜாவின் கொம்பு, மூன்று விக் தலைகள். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த மகன் அந்தத் தலைகளைப் பார்த்து அலறிய அலறலில் முழுச் சந்தும் விழித்தது. விக் ஒன்று நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் என்பதை ஷாப்பி ஆன்லைன் கடையிலிருந்து பொட்டலம் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். 11.11 தள்ளுபடி விற்பனை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பொழுதுபோக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலையையும் வாழ்க்கையையும் சரிசமமாக வைக்கிறேன் என்று இவர் பேசும்போது, அந்த "வாழ்க்கை" என்கிற தட்டில் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்கிறேன். அவருடைய நிகழ்ச்சிக்கு மூன்று மாதம் முன்பே தேதி குறித்தாகிவிடுகிறது. என் பல் பிடுங்க கிளினிக் போவதற்கு மட்டும் "பார்க்கலாம்மா".

#8 மூங்கில்வாள்

அக்கா, நீங்கள் சொன்னதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "இந்தம்மா நம்பர் வாங்கு" என்கிறார்.

#9 வேப்பமரம்

யாராவது ஒருவர் கசப்பாகச் சொல்லத்தான் வேண்டும். குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. அதை வாங்குகிற பிள்ளைகள் அட்டைக் கவசத்துக்கு ஆயிரம் செலவு செய்தால் குடிக்கிறது கூழ், கொப்பளிக்கிறது பன்னீர் கதைதான். ஜப்பான்காரனுக்குப் பிடித்த பைத்தியம் நம் லயத்துக்கு எதற்கு? அந்த நேரத்தில் ஓவர்டைம் செய்தால் வீடு வாங்க முன்பணமாவது சேரும். நம் தாத்தா பாட்டி காட்டை வெட்டியது இதற்கா?

#10 லயத்துப்பையன்

ஜப்பானுக்குப் பெயர் போய்விட்டது, அவ்வளவுதான். 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டிலேயே ஃபாரஸ்ட் அக்கர்மன் எதிர்கால மனிதன் உடுப்பில் வந்து நின்றார். அவர் உடுப்பையும் தன் உடுப்பையும் தைத்தவர் கூடவே வந்த மிர்ட்டல் டக்ளஸ். காமிக் ஃபியஸ்தாவும் நேற்று முளைத்ததில்லை, 2002இல் தொடங்கியது. எங்கள் செட்டுக்கு அது கிட்டத்தட்ட தைப்பூசம்.

ஓவர்டைம் பற்றி: என் அப்பா ஓவர்டைம் செய்தே வாழ்ந்தவர். ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்வதென்றே தெரியாமல் காலையில் எழுந்து, சட்டை போட்டுக்கொண்டு, வாசலில் உட்கார்ந்திருக்கிறார். முன்பணம் சேர்ந்தது உண்மைதான்.

கேஎல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சியாவது பக்கத்திலேயே நடக்கும். எனக்கு ஊசி பிடிக்க நேரம் இல்லை. போகவர ரயிலிலேயே இரண்டு மணி நேரம் போகிறது, வாடகை அறையில் வாளை நீட்டி வைக்க இடமில்லை. கடைசியாக முழு உடுப்பு செய்தது ஊரில் இருந்தபோதுதான்.

#11 ஊசிநூல்

மிர்ட்டல் டக்ளஸ் பெயரைச் சொன்னதற்கு நன்றி தம்பி. தைத்தவளை யார் நினைக்கிறார்கள்?

நான் டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, பள்ளி யூனிஃபார்ம், பாஜு கூரோங் என்ற மலாய் உடைதான் பிழைப்பு. ஒரு பையன் போனில் ஒரு படத்தைக் காட்டி "அக்கா, இந்த மாதிரி அங்கி வேணும்" என்றான். எல்ஃப் இளவரசன். பச்சை வெல்வெட், கை முழுக்கக் கொடி வேலை. இரண்டு ராத்திரி அதைத் தைத்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் பத்து வருஷமாக ரவிக்கையில் கிடைத்ததில்லை. பிறகு அவன் சிநேகிதன் வந்தான், அவன் சிநேகிதி வந்தாள். இப்போது நவம்பர் வந்தால் தீபாவளிக் கூட்டம் போன கையோடு இவர்கள் கூட்டம். எல்லாருக்கும் டிசம்பருக்குள் வேண்டும், எல்லாரும் கடைசி நேரத்தில் அளவை மாற்றுவார்கள். பிடித்த வேலை எப்போது இன்னொரு ஷிப்ட் ஆனது என்று கவனிக்கவே இல்லை. மனசு ஆசைப்பட்டுத் தைத்த காலத்தில் முதுகு வலித்ததில்லை. கூலிக்குத் தைக்கிறபோது அதே வெல்வெட் வலிக்கிறது.

அதனால் அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு காஸ்பிளே ஆர்டர் எடுப்பதில்லை. பாதி முன்பணம். அளவு மாற்றினால் தனிக் காசு. கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு, போகட்டும். செப்டம்பரில் எனக்கென்று ஒன்று தைக்கிறேன், விற்பதற்கில்லை.

மூங்கில்வாள், இன்னொன்று. கான்டாக்ட் பசையை அறைக்குள் வைத்துத் தடவாதே. அதில் பெரும்பாலும் டொலுவீன் என்ற கரைப்பான் இருக்கும், தலை சுற்றும். நம் ஊர் ஈரப்பதத்தில் காயவும் நேரம் எடுக்கும், அதுவரை அந்த வாடையை உன் அண்ணி பிள்ளைகளும் சேர்த்து மூக்கில் வாங்கும். வாசலில் வைத்துச் செய். ஃபோமை உரசும்போது மாஸ்க் போடு. நைட் ஷிப்ட் முடித்து, பசை வாடையும் பிடித்து, அப்படியே மோட்டார் சைக்கிளில் ஏறிச் சாமான் வாங்கப் போவதெல்லாம் வேண்டாம்.

#12 கரும்பலகை

காசு வாங்கிச் செய்கிறவர்கள் கவனத்துக்கு. நான் ஆசிரியை. அரசு ஊழியர்களுக்கு 1993ஆம் ஆண்டு நடத்தை, ஒழுங்கு விதிமுறைகள் உண்டு. துறைத் தலைவரின் எழுத்து அனுமதி இல்லாமல் வெளி வேலை செய்து சம்பாதிக்கக் கூடாது. தனியார் வேலையிலும் பல ஒப்பந்தங்களில் இதே மாதிரி ஒரு வரி இருக்கும், கையெழுத்து போட்ட அன்று யாரும் படித்திருக்க மாட்டோம். எடுத்துப் பாருங்கள். வருமானம் வந்தால் வருமான வரிக் கணக்கிலும் காட்ட வேண்டும்.

எனக்கு நேரத்தைவிடப் படம்தான் தலைவலி. காட்டுராணி உடுப்பில் எடுத்த படம் ஒன்று சுற்றிச் சுற்றி ஒரு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. உடுப்பு கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடியது, ஆனாலும் "டீச்சர் இப்படியா?" தோட்டத்து ஊரில் கடைக்காரர், அர்ச்சகர், மாணவனின் தாத்தா எல்லாருக்கும் நம் முகம் தெரியும். கேஎல்லில் சனிக்கிழமை காட்டுராணி, திங்கட்கிழமை வாத்தியார் என்று இருக்க முடியும். இங்கே எல்லா நாளும் டீச்சர்தான்.

நான் என்ன செய்தேன் என்றால், அந்தக் காட்டுராணி உடுப்பையே மாணவர் கதை சொல்லும் நிகழ்ச்சிக்குப் போட்டுக்கொண்டு போனேன். கேட்ட அதே அம்மாதான் அடுத்த வாரம் தன் பெண்ணுக்குக் கிரீடம் எப்படிச் செய்வதென்று கேட்டு வந்தார். எல்லா இடத்திலும் இது எடுபடும் என்று சொல்ல மாட்டேன். என் தலைமையாசிரியர் நல்லவர்.

#13 வேப்பமரம்

அல்லிராணி, ஊசிநூல் சொன்னது என் மனதுக்கு ஒத்துப் போகிறது. கணக்கோடு செய்தால் எனக்கு என்ன ஆட்சேபம்? கடன் அட்டையில் கொம்பு வாங்குவதைத்தான் சொன்னேன்.

#14 அல்லிராணி

கொம்பைக் காசு கொடுத்துத்தான் வாங்கினார் என்று பின்னால் நிற்கிறவர் சொல்லச் சொல்கிறார். இந்த இழையை அவரும் படித்துவிட்டார். கிளினிக் வெள்ளிக்கிழமை.

#15 கொதிகலன்

ஓவர்டைம் பேச்சு வந்ததால் இதைச் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிவதில்லை. 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48இலிருந்து 45 மணியாகக் குறைந்துவிட்டது. ஷிப்ட் ஆட்களுக்கு மூன்று வாரச் சராசரி 45ஐத் தாண்டக் கூடாது. ஓவர்டைம் மாதத்துக்கு 104 மணிதான் உச்சம். அதே திருத்தத்தில் இன்னொன்றும் வந்தது: வேலை நேரத்தையோ நாளையோ மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். மில் ஷிப்டில் அது கிடைப்பது கடினம், பொய் சொல்ல மாட்டேன். ஆபீஸ் பக்கம் இருப்பவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

தங்கச்சிக்கு முக்கியமானது வேறு. சட்டப்படி கட்டாயமாக விட வேண்டிய பொது விடுமுறைகள் ஐந்தில் தீபாவளி இல்லை. மற்ற ஆறில் ஒன்றாக அதைச் சேர்க்கிற இடங்கள்தான் அதிகம். விடுமுறை என்றாலும் மில்லுக்கு ஆள் தேவைப்படும். தீபாவளி ஷிப்டுக்கு ஆள் கிடைக்காமல் எங்கள் மாதிரி ஆட்கள் தலையைப் பிய்த்துக்கொள்வோம். உங்களால் முடியும் என்றால், புரிகிறதா?

#16 மூங்கில்வாள்

அண்ணே, புரிந்தது. லேப்பில் என் எதிர் ஷிப்ட் சீனப் பையன். அவனுக்குச் சீனப் பெருநாளுக்கு நீண்ட லீவு வேண்டும். தீபாவளி அன்று மாலைக்கு மேல் நானும், டிசம்பர் வாரக் கடைசிக்கு அவனும், சீனப் பெருநாளுக்கு மறுபடி நானும் என்று பேசி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஒன்றாகக் கொண்டு போய் நீட்டினோம். பெரட்டுக்களம் ஐயா சொன்ன பத்துப் பேர் இல்லை, இரண்டே பேர். ஆபீசர் இந்த முறை சிரிக்கவில்லை. "அது என்ன நிகழ்ச்சி, படம் இருக்கா?" என்று கேட்டார். அவர் மகளுக்கும் இந்தப் பைத்தியம் உண்டாம். கையெழுத்து ஆகிவிட்டது.

ஆனால் எனக்கு இன்னும் எரிச்சல் போகவில்லை. நிச்சயதார்த்தத்துக்குப் போனவரிடம் மாற்று ஆள் பெயர் யாரும் கேட்கவில்லை.

அம்மாவிடம் தீபாவளி ஷிப்ட் பற்றி இன்னும் சொல்லவில்லை. மதியச் சாப்பாடு முடிந்துதான் ஷிப்ட், அண்ணி பேசிக்கொள்கிறேன் என்றிருக்கிறார்.

#17 பெரட்டுக்களம்

எரிச்சல் நியாயமானது. அடுத்த வருஷம் அந்த ஆபீசர் மகளையும் சேர்த்துக்கொண்டு போய் நில்லுங்கள்.

மகளே, அந்த ஓலை வரிகளை எதனால் கீறினீர்கள்? பேத்தி கேட்கச் சொன்னாள்.

#18 மூங்கில்வாள்

ஐயா, 5 மில்லிமீட்டர் ஃபோமில் பேனாக் கத்தியால் பாதி ஆழம் கீறி, மேலே சூடான காற்று ஊதும் ஹீட் கன் காட்டினால் கீறல் தானே வாய் திறக்கும். ஒரே இடத்தில் நிறுத்தினால் சுருங்கிவிடும், கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நடு நரம்புக்கு மட்டும் மெல்லிய கயிற்றை ஒட்டி மேலே பெயின்ட். பேத்தியை ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள், வாசலில்தான் செய்கிறேன்.

சுங்கை சிப்புட்டில் இருந்து இடிஎஸ் ரயில் எடுப்பவர்கள் யார் யார்? கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், கேஎல் சென்ட்ரலில் இறங்கி எல்ஆர்டியில் கேஎல்சிசி. டிக்கெட் திறந்த உடனே போடாவிட்டால் பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் கிடைக்காது.

#19 ஊசிநூல்

நான் ஒன்று. கூட நாலு பேர் என் பழைய ஆர்டர்காரர்கள். கவசத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயில் ஏறாதே, பெட்டியில் வை. ஊசி, நூல், ஹாட் க்ளூ நான் எடுத்து வருகிறேன். இரும்பில் செய்த கத்தி எதையும் வாசலிலேயே பிடுங்கி வைத்துவிடுவார்கள், சொல்லிவிடு.

#20 லயத்துப்பையன்

கேஎல் சென்ட்ரலில் நிற்கிறேன். உடுப்பு இல்லாமல்தான் வருவேன். யாராவது ஒரு வாளாவது கையில் கொடுங்கள்.